டோட்டல் கவுண்ட் ஏறினால் பயப்பட வேண்டுமா? விழுங்கும் வெள்ளையணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு, ஜன்னலருகிலேயே நின்று கேட்பவர்கள் உண்டு. "டோட்டல் கவுண்ட் ஏறியிருக்கே, உள்ளே ஏதாச்சும் இன்ஃபெக்‌ஷனா?" லேப் டெக்னீஷியனாகப் பல வருடமாக ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோய் இன்னதென்று சொல்வது டாக்டரின் வேலை, அதில் நான் தலையிடுவதில்லை. அந்த எண் எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்பதை மட்டும் விளக்க முடியும். அப்படி வந்த கேள்விகளில், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களைப் பற்றியவை இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுண்ட் என்பது ஊசி குத்திய அந்த நிமிடத்தில் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணுக்களின் கணக்கு. இந்த அணுக்கள் வேலை பார்ப்பதோ ரத்தத்துக்கு வெளியே, சதையிலும் நுரையீரலிலும் புண்ணிலும். கல்யாண மண்டபத்துக்குப் போகும் தெருவில் எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணிவிட்டுப் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று சொல்ல முடியுமா? கவுண்டும் அப்படித்தான்.

விழுங்கணுக்கள் என்பவை எவை?

கிருமி, செத்த செல், தூசு என்று எதைக் கண்டாலும் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துச் செரித்துவிடும் அணுக்கள். பள்ளியில் அமீபா போலிக்கால் நீட்டி இரை பிடிப்பதைப் படித்திருப்பீர்கள், அதே வித்தைதான். ரத்தத்தில் இருப்பவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். நியூட்ரோஃபில் முதல் ஆள். எலும்பு மஜ்ஜை இதை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி என்ற கணக்கில் உற்பத்தி செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றும், அப்புறம் திசுவுக்குள் இறங்கிவிடும். இரண்டாவது மோனோசைட். இது திசுவுக்குள் போய்ப் பெருத்து மேக்ரோஃபேஜாக மாறும். கல்லீரல், நுரையீரல், மண்ணீரல், மூளை என்று எல்லா இடத்திலும் மேக்ரோஃபேஜ்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி நாம் கருவில் இருக்கும்போதே அங்கே போய்க் குடியேறியவை.

இவை விழுங்குவதன் பொருளை முதலில் புரிந்துகொண்டவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த இலியா மெச்னிக்காஃப். 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா ஊரில், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி போலத் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. அந்தப் பார்வைக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. வேறொரு விதமான எதிர்ப்பாற்றலை முன்வைத்த பால் எர்லிக்கோடு அதைப் பங்கிட்டுக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் அவை எந்த வரியில் இருக்கின்றன?

டோட்டல் கவுண்ட் (டி.சி.) என்பது எல்லா வெள்ளையணுக்களும் சேர்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். அதற்குக் கீழே டிஃபரென்ஷியல் கவுண்ட், எந்த வகை வெள்ளையணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. பழைய ரிப்போர்ட்களில் "பி 68, எல் 28, ஈ 4" என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். பி என்பது பாலிமார்ஃப், அதாவது நியூட்ரோஃபில். எல் லிம்ஃபோசைட், ஈ ஈசினோஃபில், இவையும் வெள்ளையணு வகைகள்தான்.

சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. டோட்டல் 1,200, நியூட்ரோஃபில் 30% என்றால் உண்மையில் இருப்பது 360 தான். இந்தப் பெருக்கல் கணக்குக்கு ஏ.என்.சி. (நியூட்ரோஃபிலின் நேர் எண்ணிக்கை) என்று பெயர். 1,500க்குக் கீழே போனால் குறைவு, 500க்குக் கீழே போனால் அவசரம்.

ஊசிக்குப் பயந்து என் பிள்ளை அழுது தீர்த்தான். அதனால் கவுண்ட் ஏறியிருக்குமா?

ஏறும். இது சாக்குப்போக்கு இல்லை, நிஜம்.

நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி, ரத்தம் ஓடும் நடுப்பாதையில் இருப்பதில்லை. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவரை ஒட்டி, முக்கியமாக நுரையீரலிலும் மண்ணீரலிலும், மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் அவை சரியாக அகப்படா. பயம், வலி, வலிப்பு, கத்தி அழுவது என்று எதுவானாலும் அட்ரினலின் சுரக்கிறது. சுவரில் ஒட்டியிருந்தவை உதிர்ந்து ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன. மஜ்ஜை ஒரு அணுவைக்கூடப் புதிதாகச் செய்திருக்காது, ஆனால் சில நிமிடத்தில் ரிப்போர்ட்டில் கவுண்ட் ஒன்றரை மடங்காகத் தெரியும். ஆள் அமைதியானதும் அவை பழையபடி சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு நாள் இரண்டு வயதுப் பையன் ஒருவனை மூன்று பேர் பிடித்து ரத்தம் எடுத்தோம். டி.சி. 17,000 வந்தது. பாட்டிக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டர் பையனைப் பார்த்தார், காய்ச்சல் இல்லை, வெளியே ஓடி விளையாடுகிறான். "நாளைக்கு அவன் தூங்கி எழுந்ததும் எடுங்க" என்றார். மறுநாள் 10,500. குழந்தைகளுக்கு இயல்பான அளவே பெரியவர்களைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம், ஜிம் பயிற்சிக்குப் பிறகு ரத்தம் கொடுக்கலாமா?

கொடுக்காமல் இருப்பது நல்லது. 1901ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தைப் பார்த்த லாரபீ என்ற மருத்துவர், கடும் நோயில் ஏறுவது போல அவர்களுக்கு வெள்ளையணு ஏறியிருப்பதை 1902இலேயே எழுதிவிட்டார். இந்த ஏற்றத்துக்கு இரண்டு அலை உண்டு. ஓடும்போதே அட்ரினலின் சுவரோர அணுக்களை உதிர்த்துவிடும், இது முதல் அலை. சில மணி நேரம் கழித்துக் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மஜ்ஜையிலிருந்து புதியவற்றை இறக்கிவிடும், இது இரண்டாவது. காலையில் நீளமாக ஓடிவிட்டுச் சாயங்காலம் ரத்தம் கொடுத்தாலும் அதன் சாயல் தெரியலாம்.

கடும் பயிற்சிக்குப் பிறகு எதிர்ப்பாற்றல் சில மணி நேரம் திறந்த கதவாகிவிடும் என்று ஒரு கருத்து வெகுநாள் ஓடியது. இப்போது பலர் அதை ஏற்பதில்லை. பயிற்சி முடிந்த பின் ரத்தத்தில் குறையும் லிம்ஃபோசைட்டுகள் அழிந்துபோகவில்லை, திசுக்களுக்குக் காவல் போயிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்தப் பக்கம்தான் சரியாகப் படுகிறது. தெருவில் ஆள் இல்லையென்றால் ஊரே காலி என்று ஆகிவிடுமா?

பிரசவம், ஆபரேஷன், மாரடைப்பு?

மூன்றிலும் ஏறும். கர்ப்பகாலத்திலேயே கவுண்ட் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பிரசவ வலியின்போது 20,000ஐத் தாண்டினாலும் அது மட்டுமே தொற்றுக்கு அடையாளம் ஆகாது. ஆபரேஷன் முடிந்த முதல் ஒன்றிரண்டு நாளும் அப்படியே. குறைய வேண்டிய நாளில் குறையாமல் மறுபடி ஏறினால்தான் டாக்டர்கள் தையலைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

பெரிய காயம், பெரிய ஆபரேஷனுக்குப் பின் இன்னொன்றும் நடக்கும். நியூட்ரோஃபில் ஏறும் அதே நேரத்தில் மோனோசைட்டுகள் மந்தமாகிவிடும். விழுங்கிய கிருமியின் துண்டை மேலே ஏந்திப் பிற அணுக்களுக்குக் காட்டும் புரதம் அவற்றில் குறைந்துவிடுகிறது. ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களுக்கு அடுத்தடுத்துத் தொற்று வருவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் நிஜத் தொற்றை எப்படிப் பிரித்து அறிவது?

இதற்குத்தான் மெஷின் எண் தந்த பிறகும் ஸ்லைடு போடுகிறோம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துக் காயவைத்து, லீஷ்மேன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய்ச் சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்ப்போம். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் கரு (நியூக்ளியஸ்) இரண்டு முதல் ஐந்து வரை முடிச்சுப் போட்ட ஊதா நூல் மாதிரி இருக்கும். பெண்களின் ரத்தத்தில் நூற்றில் இரண்டு மூன்று அணுக்களில் கருவின் ஓரமாகச் சின்ன முரசுக்கோல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். செயலற்ற எக்ஸ் குரோமோசோம் அது. இதை முதன்முதலில் பார்த்த நாளில் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கடும் பாக்டீரியாத் தொற்றில் காட்சியே மாறிவிடும். தேவை அதிகமாகி, மஜ்ஜை முழுதாக முதிராத பிள்ளைகளையும் வெளியே தள்ளும். அவற்றின் கரு முடிச்சு விழாமல் குதிரை லாடம் போல வளைந்திருக்கும். அணுவுக்குள் துகள்கள் கருத்துத் தடித்துத் தெரியும், சிலவற்றில் குமிழ் குமிழாக ஓட்டை, சிலவற்றில் ஓரத்தில் வெளிர்நீலத் திட்டு. அழுத குழந்தையின் ஸ்லைடிலோ ஓடி வந்தவரின் ஸ்லைடிலோ இவை இருப்பதில்லை. அணுக்கள் நிறைய, ஆனால் எல்லாம் முதிர்ந்தவை, சுத்தமானவை. எடுத்த ரத்தம் ட்யூபிலேயே வெகுநேரம் கிடந்தாலும் குமிழ் தெரியும் என்பதால் எடுத்த நேரத்தையும் பார்த்துக்கொள்வோம்.

ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். கவுண்ட் 16,000. எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டதா?

இல்லை, பெரும்பாலும் நேர்மாறு. அதிகம் ஏமாற்றும் ரிப்போர்ட் இதுதான்.

பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்றவை மூன்று வழியில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை ஏற்றுகின்றன. மஜ்ஜையில் தயாராக இருப்பவற்றை இறக்கிவிடுகின்றன. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டும் பசையைக் குறைத்துவிடுவதால் அணுக்கள் திசுவுக்குள் இறங்க முடியாமல் ஓட்டத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. சாக வேண்டிய அணுக்களின் ஆயுளையும் நீட்டிவிடுகின்றன. ஒரு வேளை மாத்திரைக்கே நாலைந்து மணி நேரத்தில் சில ஆயிரம் கூடும். அதே வேளையில் திசுவில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் சோம்பிவிடுகின்றன. தெருவில் கூட்டம், பந்தியில் ஆளில்லை. ஸ்லைடில் ஈசினோஃபில் அநேகமாகக் காணாமல் போய், லிம்ஃபோசைட் குறைந்து, முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் மட்டும் நிறைந்திருந்தால் "ஸ்டீராய்டு ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்போம். சிலருக்கு எடுப்பதே தெரியாது. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்கள் அந்தப் பொட்டலத்தையே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

மந்தமாக்குவதே சில சமயம் உயிர் காக்கும். கோவிட்டில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைத்ததை 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. 2021இல் இந்தியாவில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தேவைக்கு மேல் ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. காற்றில் எப்போதும் மிதக்கும் பூஞ்சை விதைகள்தான் அவை. மூக்குக்குள் போனதுமே விழுங்கித் தீர்த்திருக்க வேண்டிய அணுக்கள் அந்த உடம்புகளில் முடங்கிக் கிடந்தன.

அதற்காக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பல நாள் சாப்பிட்டவர்களுக்கு அது வேறு ஆபத்து. படிப்படியாகக் குறைப்பதை டாக்டர் சொல்வார்.

சர்க்கரை நோயாளிக்குப் புண் ஆறாததும் இதனால்தானா?

ஒரு பங்கு இதனால். ரத்த ஓட்டக் குறைவும் நரம்பு மரத்துப்போவதும் மற்ற பங்குகள். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது நியூட்ரோஃபில் இரையைத் தேடிப் போகும் வேகம் குறைகிறது, பிடித்தாலும் கொல்வது மட்டுப்படுகிறது. விழுங்கிய கிருமியைக் கொல்ல அணு தன்னுள்ளே ஆக்சிஜனைக் கொண்டு ஒருவித வெடிமருந்து தயாரிக்கிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருளை, உபரிச் சர்க்கரையைச் சமாளிக்கும் இன்னொரு வேதிவழி பங்கு போட்டுக்கொள்கிறது. எண்ணிக்கையில் குறையே இருக்காது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இந்த மந்தம் பெருமளவு தெளியும் என்பது ஆறுதலான செய்தி.

கீமோவுக்குப் பிறகு கவுண்ட் ஏன் இறங்குகிறது? எந்த நாளில் கவனமாக இருக்க வேண்டும்?

கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். மஜ்ஜையில் நியூட்ரோஃபிலின் தாய்ச்செல்களும் வேகமாகப் பிரிபவைதான். ஏற்கெனவே தயாராகி வரிசையில் நிற்பவை முதல் சில நாளைக்கு ஓட்டிவிடும், அதனால் மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் ரிப்போர்ட் நன்றாகவே இருக்கும். வரிசை தீர்ந்ததும் கீழே விழும். பல மருந்துகளுக்கு 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டம், மூன்று நான்கு வாரத்தில் மீட்சி. பல கீமோக்களை 21 நாளுக்கு ஒருமுறை வைப்பதற்கு இதுவும் காரணம்.

அந்த அடிமட்ட நாட்களில் காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி. சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில்களின் குவியல். அவையே இல்லாதபோது சீழ் வராது, புண் சிவந்து வீங்காது, நிமோனியா இருந்தும் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். ஆகவே ஒருமுறை 101 டிகிரி வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போனதும் "கீமோ போட்டு இத்தனை நாள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதுதான் குறி. வீட்டிலேயே பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மூடி மறைப்பது பெரிய தப்பு.

சாப்பாட்டில் பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தும் பழைய பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவுவது, சுடச்சுடச் சமைத்தது, கை சுத்தம், இவைதான் முக்கியம். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள்.

கவுண்ட் ஏற்ற ஊசி போடுகிறார்களே, அது என்ன?

ஜி.சி.எஸ்.எஃப். என்ற புரதம். நம் உடம்பே தொற்று நேரத்தில் சுரப்பதுதான். அதைச் செயற்கையாகச் செய்த ஃபில்கிராஸ்டிம் ஊசிக்கு அமெரிக்காவில் 1991இல் அனுமதி கிடைத்தது. கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே போடுவார்கள். இல்லாவிட்டால் ஊசி தூண்டிப் பிரியவைக்கும் செல்களையே மருந்து கொன்றுவிடும். இடுப்பும் முதுகும் குடைச்சலெடுக்கும், மஜ்ஜை மும்முரமாக வேலை பார்ப்பதன் வலி அது.

இந்த ஊசி போட்டவரின் ஸ்லைடு கடும் தொற்று வந்தவரின் ஸ்லைடு மாதிரியே இருக்கும். லாடக் கரு, கருத்த துகள், நீலத் திட்டு எல்லாம் வரும். ரத்தம் கொடுக்கும்போது ஊசி போட்டதைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கு ஒரு மணி நேரம் குழப்பம், உங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போய்விடும்.

சாதாரண மாத்திரையாலும் கவுண்ட் விழுமா?

அபூர்வமாக விழும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குத் தரும் கார்பிமசோல், மனநோய்க்குத் தரும் க்ளோசபின் இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. 1975இல் பின்லாந்தில் க்ளோசபின் சாப்பிட்ட சிலர் நியூட்ரோஃபில் அடியோடு போய் இறந்த பிறகுதான் அந்த மருந்துக்கு ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை என்ற விதி வந்தது. கார்பிமசோல் சாப்பிடுபவருக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் சாதாரணச் சளி என்று விடாமல் அன்றே டாக்டரிடம் பேசி ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

டெங்குவில் கவுண்ட் 2,000க்கு வந்துவிட்டது. இதுவும் அப்படியா?

இல்லை. டெங்குவில் வெள்ளையணு குறைவது நோயின் இயல்பு. எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெள்ளையணு அதற்கு முன்னாலேயே சரியத் தொடங்கியிருக்கும். காய்ச்சல் விட்ட பிறகு அது முதலில் ஏறும், பிளேட்லெட் பின்னால் ஏறும். டெங்குக் கிருமி மோனோசைட்டுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் உள்ளேயே பெருகக்கூடியது. முன்பு வேறு வகை டெங்கு வந்து உண்டான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), சில நேரம் இந்தக் கிருமியைக் கைப்பிடித்து அணுவுக்குள் கூட்டிப்போய் விட்டுவிடும். இரண்டாவது முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு இது ஒரு விளக்கம்.

கவுண்ட் நிறைய இருந்தும் விழுங்கணுக்கள் வேலை செய்யாத பிறவிக் கோளாறு உண்டா?

உண்டு, ரொம்ப அரிது. குழந்தைக்குத் தொப்புள்கொடி வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். அது ஒரு மாதமாகியும் விழாமல், தொப்புளைச் சுற்றிப் புண்ணாகி, சீழ் மட்டும் வைக்காமல், ரத்தத்தில் நியூட்ரோஃபில் மலைபோலக் குவிந்திருந்தால் டாக்டர்கள் ஒட்டுப்புரதக் குறைபாட்டைச் சந்தேகிப்பார்கள். ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ளும் புரதம் இல்லாததால் அணுக்கள் இறங்க வழி தெரியாமல் ஓட்டத்திலேயே சுற்றுகின்றன. கொடி விழுவதற்குக்கூட அந்த அணுக்கள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கோளாறில் அணுக்கள் போகும், விழுங்கும், ஆனால் கொல்ல வெடிமருந்து இல்லை. குழந்தைக்கு ஓயாமல் கட்டி, நெறிகட்டு, பூஞ்சை நிமோனியா வரும். பழைய சோதனையில் மஞ்சள் சாயம் ஒன்றை அணுக்களுக்குக் கொடுப்பார்கள். நல்ல அணு அதைக் கருநீலமாக்கும், இந்தக் குழந்தையின் அணு மஞ்சளாகவே விட்டுவிடும். இப்போது ஒளிரும் சாயத்தில் மெஷின் பார்த்துச் சொல்கிறது. தடுப்பு மருந்துகளும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் உண்டு.

கவுட் வலிக்கும் இந்த அணுக்களுக்கும் என்ன சம்பந்தம்?

கவுட் வலியே இந்த அணுக்கள் செய்யும் ரகளைதான். யூரிக் அமிலம் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகிறது. படிகத்தைக் கிருமி என்று எண்ணி விழுங்கிய அணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் உள்ளே கிழிபட்டு, அபாயச் செய்தி பரப்பி, நியூட்ரோஃபில் பட்டாளத்தையே வரவழைக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குக் கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகும்.

இதற்குத் தரும் கோல்ச்சிசின், நியூட்ரோஃபில் நகர்வதற்கு உள்ளே இருக்கும் நுண்குழல்களைக் குலைத்து அதை முடக்குகிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே மருந்து. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். கிழங்கை யாரும் கைமருந்தாக நினைத்துவிடக் கூடாது. மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. இங்கேயும் இலங்கையிலும் அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. முதல் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. கவுண்ட் அப்போது ஏறியிருக்கும். சில நாளில் மஜ்ஜை முடங்கிப் பாதாளத்துக்குப் போகும்.

சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் ஒரு என்சைமே பச்சை நிறம். அது நிறைய வந்து செத்திருக்கிறது என்பதைத்தான் பச்சை சொல்கிறது. வைரஸ் சளியிலும் அப்படி வரும்.

ஆன்டிபயாட்டிக் பேச்சு வந்ததால் ஒன்று. அஸித்ரோமைசின் இந்த அணுக்களுக்குள் புகுந்து தங்கிவிடும், அணு தொற்று இருக்கும் இடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டே போகும். அந்த மாத்திரையை மூன்று நாள், ஐந்து நாளோடு நிறுத்த முடிவதற்கு, திசுவில் அது வெகுநாள் தங்குவது காரணம்.

மனக்கவலையால் எதிர்ப்பு குறையும் என்பது நிஜமா, பேச்சா?

அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில், மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலச் சின்னக் காயம் செய்து, ஆறும் நாளை எண்ணினார்கள். அந்தப் பாரம் இல்லாத பெண்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. அடுத்து பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் அதே அளவு காயம், ஒருமுறை விடுமுறையில், ஒருமுறை பரீட்சை நேரத்தில். பரீட்சை நேரக் காயம் ஆறச் சராசரியாக 40% அதிக நாள் ஆனது. காயத்தைச் சுத்தம் செய்து ஆறவைப்பதில் மேக்ரோஃபேஜுக்குப் பெரிய பங்கு உண்டு. நாள்பட்ட கார்ட்டிசால் அவற்றைத் தாமதப்படுத்துகிறது. இரண்டு ஆய்வுகளும் சிலரை வைத்துச் செய்தவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பச்சை குத்தியது ஏன் அழிவதில்லை?

கேட்டவர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பையன். மையைத் தோலின் மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி, செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்று செத்தால் சிந்திய மையைப் பக்கத்தில் வந்தது எடுத்து விழுங்கிக்கொள்ளும். இதை 2018இல் எலிகளில் காட்டினார்கள். லேசர் மைத்துகளை உடைத்துச் சிறிதாக்குவதால்தான் வெளியேற வழி கிடைக்கிறது. உங்கள் பாட்டியின் முன்கையில் இருக்கும் கோலம் அறுபது வருடமாகக் கைமாறிக் கைமாறி வந்தது.

காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

காசநோய்க் கிருமி, விழுங்கப்படுவதையே விரும்பும் கிருமி. நுரையீரல் மேக்ரோஃபேஜுக்குள் போய், செரிமானப் பை தன்னோடு சேரவிடாமல் தடுத்து, அங்கேயே குடித்தனம் நடத்தும். உடம்பு அந்த வீட்டைச் சுற்றி அணுக்களால் மதில் கட்டி அடைத்து வைக்கும். முடக்குவாதத்துக்குத் தரும் இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் அந்த மதிலைத் தளர்த்திவிடுவதை 2001 வாக்கில் கண்டார்கள். அதனால்தான் அந்த ஊசிக்கு முன் உங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள்.

பி.சி.ஜி. தடுப்பூசி பற்றியும் கேட்பார்கள். 1968இல் தொடங்கிச் செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த மிகப் பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளின் கடும் காசநோயைத் தடுப்பதால் போடுவது தொடர்கிறது. அதே பி.சி.ஜி. மோனோசைட்டுகளைப் பயிற்றுவித்து, வேறு கிருமிகளுக்கும் சுறுசுறுப்பாக்குவதைப் பிற்பாடு கண்டார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அதை நேரே பைக்குள் செலுத்தும் சிகிச்சை 1976லிருந்து இருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி கூட என்ன சாப்பிடலாம்?

கவுண்டைக் கூட்டுவது இலக்கே இல்லை. புகைபிடிப்பவர்களுக்குக்கூடக் கவுண்ட் கூடுதலாகத்தான் இருக்கிறது. அவர்கள் நுரையீரல் மேக்ரோஃபேஜ்கள் கரியை விழுங்கிப் பழுப்பேறிக் கிடக்கும். பருப்பு, முட்டை, காய், தூக்கம், சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது. பாட்டிலில் விற்பவை எவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ரத்தம் கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

ஸ்டீராய்டு எடுத்தீர்களா, கடைசி வேளை எப்போது. கீமோ என்றால் எத்தனையாவது நாள். கவுண்ட் ஏற்றும் ஊசி போட்டதா. கர்ப்பமா. ஓடி வந்தீர்களா, மாடிப்படி ஏறி வந்தீர்களா. படி ஏறி மூச்சு வாங்க வந்தால் கால் மணி நேரம் உட்காருங்கள், ஊசி அப்புறம் போட்டுக்கொள்ளலாம். பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள். ஐந்து வருடமாக ஒருவருக்கு 3,800 தான் என்றால் இன்றைய 3,700க்கு யாரும் பதற வேண்டாம், எப்போதும் 5,000 இருந்தவருக்கு இன்று 10,500 என்றால் அச்சடித்த எல்லைக்குள் இருந்தாலும் ஸ்லைடைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பேன்.